திண்டிவனத்தில் விலைக்கு வந்த மிலிட்டரி வண்டி

ராணுவத்தில் பணிக்காலம் முடிந்து ஏலத்தில் கழிக்கப்பட்டு, பின்னர் தனியார் கைகளில் இன்ஜின் மாறி, பாடி மாறி, சில வேளைகளில் அச்சும் மாறி, ஐம்பது வயதைத் தொட்ட பிறகும் சுமை இழுத்துக்கொண்டிருக்கும் வண்டிகளைத் தமிழகத்தின் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் இன்றும் காண முடிகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலை இத்தகைய வண்டிகளுக்கு நீண்டகாலமாக இடம் கொடுத்துவந்திருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் கிளை பிரிகிறது. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்ச் சாலை பிரிகிறது. விழுப்புரத்தில் மீண்டும் புதுச்சேரிச் சாலையும் திருவண்ணாமலைச் சாலையும் வந்து சேர்கின்றன. இத்தனை சாலைகள் கூடும் வட்டாரத்தில் பழுதாகி நிற்கும் லாரிகளும் மிகுதி, அவற்றைக் கட்டி இழுக்கும் வண்டிகளுக்கான தேவையும் மிகுதி. திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிகளும், மரக்காணத்து உப்பளங்களும், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் வயல்களும் அந்தத் தேவையை மேலும் பெருக்கின.

இத்தகைய வண்டியை விலைக்கு வாங்க மதிப்பிடும்போது, மாற்றப்பட்ட உறுப்பு எவ்வளவு நல்லது என்பதைக் காட்டிலும், அந்த உறுப்பு பழைய வண்டியோடு சேரும் இடம் எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதே முதலில் பார்க்கப்பட வேண்டும் என்பது திண்டிவனத்து மூத்த மெக்கானிக் ஒருவரிடமிருந்து கட்டுரையாளர் பெற்ற பாடமாகும். வட்டாரத்தில் அனைவராலும் ‘பாய்’ என்றே அழைக்கப்பட்ட அவரோடு, 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த கோடையில், கட்டுரையாளரும் அவருடைய தாய்மாமனும் திண்டிவனம் புறவழிச்சாலைப் பட்டறை ஒன்றில் ஒரு பழைய நிசான் வண்டியைப் பார்த்த நாளின் நினைவு இங்குப் பதிவாகிறது. மாமாவின் தொழில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர்மூழ்கி மோட்டாரையும் குழாயையும் தூக்கி இறக்குவது. வயல் வரப்பிலும் சேற்றிலும் இறங்கக்கூடிய, பின்புறம் கிரேன் பொருத்திய ஒரு வண்டி அவருக்குத் தேவைப்பட்டது.

பட்டறைக்காரர்கள் ‘ஒன் டன்’ என்று சொல்லும் வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறியாமல் அதன் மதிப்பை அறிய முடியாது. ஜப்பானிய நிசான் நிறுவனத்தின் உரிமம் பெற்று 1960களிலிருந்து ஜபல்பூரின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் இரண்டு வண்டிகள் இந்திய ராணுவத்துக்காகச் செய்யப்பட்டன. ஒன்று, நிசான் பேட்ரோல் வடிவத்தைத் தழுவிய ‘ஜோங்கா’; மற்றொன்று, சாலையற்ற நிலத்திலும் ஒரு டன் சுமையை ஏற்றிச் செல்லும் திறனுக்காக அப்பெயர் பெற்ற ‘ஒன் டன்’. இரண்டிலும் 3,956 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் துணை கியர்ப் பெட்டியும் இருந்தது. ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டபோது மலைத்தோட்டங்களும், மரக் கூப்புகளும், குவாரிகளும் அவற்றை வாங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க டாட்ஜ் வண்டிகளை வாங்கிய அதே வகைக் கைகள்தாம் இவை. ‘டிஸ்போசல் வண்டி’ என்ற சொல்லும் அந்நாளிலிருந்தே தொடர்ந்து வருகிறது.

ராணுவத்துக்கு எரிபொருள் ஒரு செலவுக் கணக்காகத் தோன்றாதிருக்கலாம். குவாரிக்காரருக்கு அது தினசரிக் கவலை. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் வண்டியை வைத்து வாடகைக்கு ஓட்டுவது கட்டுபடியாகாத தொழிலாயிற்று. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் வடிவமைப்பில் செய்த டீசல் இன்ஜின்கள் பழைய பெட்ரோல் லாரிகளுக்குள் ஏறியதும், பின்னர் டாடா, மஸ்டா, மெட்டடார் இன்ஜின்கள் ராணுவ வண்டிகளுக்குள் ஏறியதும் இந்த நெருக்கடியின் விளைவுகளே ஆகும். ஆகவே, இன்ஜின் மாற்றப்பட்டிருப்பதை ஒரு குறையாகக் கருதுவது பொருந்தாது. இன்ஜின் மாறாதிருந்தால் அந்த வண்டி எடைக்குப் போடப்பட்டுக் காயலான் கடையில் முடிந்திருக்கும்.

திண்டிவனத்தில் நின்ற வண்டியில் டாடா 407 மினி லாரியின் ‘497’ இன்ஜின் பொருத்தப்பட்டிருந்தது. இந்த எண்ணில் முதல் இலக்கம் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் சிலிண்டரின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. நான்கு சிலிண்டர், 97 மி.மீ. விட்டம், 2,956 கன செ.மீ. கொள்ளளவு. 407 வண்டி 1986இல் சந்தைக்கு வந்து இன்றுவரை ஓடுவதால், பிஸ்டன், ரிங், லைனர் முதலியவை விழுப்புரத்தின் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கின்றன. மாற்றத்தைச் செய்தவர் இன்ஜினை அறிவுடன் தெரிந்தெடுத்தார் என்பதில் பாய்க்கு ஐயம் எழவில்லை. அவருடைய கேள்விகள் யாவும் அந்த இன்ஜினைச் சுற்றியே எழுந்தன.

முதல் நாளே தொலைபேசியில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லப்பட்டிருந்தது. சூடான டீசல் இன்ஜின் தன் தேய்மானத்தை மறைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். குளிர்ந்த நிலையில் எத்தனை சுற்றில் பற்றுகிறது, முதலில் வெளிவரும் புகை வெள்ளையா நீலமா, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் எவ்வளவு காற்றுத் தள்ளுகிறது என்பவை ஒருமுறைதான் தெரியவரும். பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிந்து அடியறைக்குள் இறங்கும் எரிவாயுவையே இங்குள்ள மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கின்றனர். பாய் முதலில் செய்தது ரேடியேட்டர்மீது கை வைத்துப் பார்த்ததுதான், அது குளிர்ந்திருந்தது. அதன் பிறகும் அவர் ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

அங்கு அவர் பார்த்த முதல் இணைப்பு, அடிச்சட்டத்தோடு மற்றவை சேரும் இடம். சேஸ் எனப்படும் அடிச்சட்டத்தில் இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சிறு சட்டங்களும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் ரிவெட் அடித்துச் சேர்க்கப்படுவதற்குக் காரணம் உண்டு: மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று இறங்கும்போது சட்டம் சற்று முறுகி மீள வேண்டும், ரிவெட் அந்த அசைவைத் தாங்கும். வெல்டிங் வைத்தால், உருகிய இடத்தை ஒட்டிய எஃகு தன் இயல்பை இழப்பதால், முறுக்கு முழுவதும் அந்த ஓரத்தில் குவிந்து நாளடைவில் மயிர்க்கோடாக விரிசல் விடும். சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வளைவுச் சுமையை மிகுதியாக ஏற்கும் பகுதிகளாதலால் அங்குத் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் கேடு; செங்குத்துப் பகுதியின் நடுவில் துளையிட்டுப் போல்ட் முடுக்குவது முறை. இந்த வண்டியின் இன்ஜின் தாங்கிகள் தடித்த தகட்டில் செய்யப்பட்டுச் செங்குத்துப் பகுதியில் போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தன. இன்ஜினை மாற்றிய கை படித்த கையோ இல்லையோ, அறிந்த கை என்பது அந்த இடத்தில் தெளிவாயிற்று. கிரேனைப் பொருத்திய கை வேறு. கிரேனின் அடித்தளம் சட்டத்தின் மேல் விளிம்பின்மீது நேரடியாகச் சுற்றிலும் வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது. வலப்புற வெல்டிங்கின் முனையிலிருந்து விரலளவு நீளத்துக்கு ஒரு கோடு இறங்கியிருந்தது. பாய் அதை டீசல் நனைத்த துணியால் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துக் காத்திருந்தார். விரிசலுக்குள் புகுந்த டீசல் வெளியே ஊறி வெண்மையில் ஈரக் கோடு வரைந்தது. ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் விரிசலை மெய்ப்பிக்க இதைவிடத் தெளிவான வழி வேறில்லை.

இரண்டாவது இணைப்பு, இன்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடைப்பட்டது. இங்கு 407இன் கியர்ப் பெட்டியே இன்ஜினோடு சேர்த்து ஏற்றப்பட்டிருந்ததால், லேத்தில் கடைந்த இடைத்தகடு தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கியர்ப் பெட்டியிலிருந்து நிசானின் பழைய துணை கியர்ப் பெட்டிக்கு விசை கொண்டுசெல்லும் சிறு தண்டு புதிதாகச் செய்யப்பட்டது. இத்தகைய தண்டின் இரு முனைகளிலும் ‘கிராஸ்’ எனப்படும் கூட்டல் வடிவ மூட்டுகள் இருக்கும். கோணத்தில் சுழலும் ஒரு கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தியும் இருமுறை பிந்தியும் வேகத்தை மாற்றித் தருகிறது. மறுமுனைக் கிராஸ் அதே கோணத்தில், அதே நிலையில் பொருத்தப்பட்டிருந்தால்தான் அந்த ஏற்றத்தாழ்வு சரிசெய்யப்பட்டுச் சீரான சுழற்சி பின்னால் போய்ச் சேரும். தண்டை வெட்டி ஒட்டும்போது ஒரு முனையின் கவை மறுமுனையின் கவையிலிருந்து சிறிது திரும்பிவிட்டாலும், வண்டி குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். டயரையும் வீல் பேரிங்கையும் மாற்றி மாற்றிப் பணம் போனாலும் அதிர்வு போகாது. பாய் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் நோக்கினார், பின் ஒரு நேரான கம்பியை வைத்தும் பார்த்தார். ஒரே தளத்தில்தான் இருந்தன.

பிரேக் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகிறது. பிரேக் மிதிக்கு உதவும் கருவி அதிலிருந்தே பலம் பெறும். டீசல் இன்ஜினில் அந்த வெற்றிடம் இல்லாததால் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்ப் தேவை. இன்ஜினை மட்டும் மாற்றி இதை மறந்த வண்டிகள் மலைப்பாதையில் ஆளைக் கொல்லும். இதில் பம்ப் இருந்தது, குழாயும் புதியது.

கிரேனைப் பற்றியே மாமாவோடு நீண்ட விவாதம் நடந்தது. அவருக்கு அந்தக் கிரேன்தான் வண்டியின் அழகு. பாய் கேட்ட கேள்வி ஒன்றே: “மாப்ள, அது தூக்குறப்ப மூக்கு தூக்காதா?” நெம்புகோல் விதிப்படி அதற்கு விடை காணலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2.8 மீட்டர் என்றும், கிரேனின் கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் 1.4 மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், 1,000 கிலோவைத் தூக்கும்போது முன் அச்சின்மேல் இருக்கும் பாரம் 500 கிலோ குறையும்; பின் அச்சின்மேல் 1,000 அல்ல, 1,500 கிலோ கூடும். முன் சக்கரத்தின் பிடி தளர்ந்தால் ஸ்டீயரிங் திரும்பினாலும் வண்டி திரும்பாது. பின் ஸ்பிரிங் பட்டைகளும் அச்சுக் கூடும் கணக்கிடாத சுமையை ஏற்கும். பின்புறம் கூடுதலாக இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டிருந்தமை முன்னைய உரிமையாளர் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டியது. ஆயினும் பட்டையைக் கூட்டுவது பின்பகுதி தாழ்வதைத் தடுக்குமேயன்றி முன்பகுதி எழுவதைத் தடுக்காது. வண்டியை அருகிலிருந்த எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, முழு வண்டியையும், பிறகு முன் அச்சை மட்டும், பின் அச்சை மட்டும் தனித்தனியே எடைபோட்டுச் சீட்டு வாங்கியது அன்றைய சோதனைகளில் மிகப் பயனுள்ளதாக அமைந்தது. சுமையே இல்லாத நிலையில்கூட எடையின் பெரும்பங்கு பின்னால் விழுந்திருந்தது. பழைய வண்டி வாங்குவோர் எடைமேடைக்குச் செலவிடும் சிறு தொகையை வீண் என்று எண்ணுவது வருத்தத்துக்குரியது. வண்டியில் எவ்வளவு இரும்பு சேர்க்கப்பட்டது, எங்கே சேர்க்கப்பட்டது என்பதை அந்தச் சீட்டைப்போல வெளிப்படையாகச் சொல்லும் சாட்சி வேறில்லை.

ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது மற்றொன்று. பெட்ரோல் இன்ஜின் உயர்ந்த சுழற்சிக்கு ஏறக்கூடியது. டீசல் அதற்குக் கீழேயே கவர்னரால் நிறுத்தப்படுகிறது. பின் அச்சின் கிரவுன்–பினியன் பற்சக்கர விகிதமோ பழைய பெட்ரோலுக்காக, மேடு ஏறுவதற்கென்று வைக்கப்பட்டது. இதனால் வண்டி எந்தச் சேற்றிலிருந்தும் ஏறும். ஆனால் நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இன்ஜின் கதறும். விழுப்புரம் வட்டாரத்து வயல்களுக்குள் மட்டும் வேலை செய்யப்போகிறவருக்கு இது குறையாகாது. சென்னைக்கு அடிக்கடி போக நினைப்பவருக்கு வண்டியை வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

வட்டாரத்தின் மண்ணும் நீரும் விட்டுச்செல்லும் தடயங்களையும் தேட வேண்டியிருந்தது. மரக்காணம் உப்பளங்களில் உப்பு ஏற்றிய வண்டிகளைக் கட்டுரையாளர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். வெளியே பச்சை வண்ணம் பளபளக்க, சட்டத்தின் உட்புறம் அடுக்கடுக்காக உரிந்து கையோடு வரும். உப்பு ஈரத்தை விடாமல் பற்றி வைத்திருப்பதால், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் துரு உள்ளிருந்தே தின்னும். பாய் சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்க, நைந்த எஃகு மொத்தென்று அடங்கும். புதிய தடயம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது, தென்பெண்ணை பெருகியது, விழுப்புரம் மாவட்டத்தில் நீரில் நின்ற வண்டிகள் பல பின்னர் கழுவப்பட்டு விலைக்கு வந்தன. அச்சுக் கூட்டின் அடி நட்டைக் கழற்றிச் சிறிது ஆயிலை வடித்தபோது அது பழுப்பு நிறத்தில் இருந்தது, பால்போல் வெளுத்திருக்கவில்லை. நீர் புகவில்லை என்பதற்கு அது போதிய சான்று.

இறுதியாக, ஆவணங்கள். விற்பவர் வண்டியை ‘ஆன்டிக்’ என்று சொல்லி, அதற்கென்று தனி விலையும் கேட்டார். இந்தக் கோரிக்கை சட்டத்தின் முன் நிற்காது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ பெருமாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் காக்கப்படும் வண்டியே ‘விண்டேஜ்’ ஆகும். அதற்கு ‘விஏ’ எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண் தரப்படும். அதுவும் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கன்றி வாடகைத் தொழிலுக்கு ஓடக் கூடாது. மாற்றப்பட்ட வண்டி இந்த மரியாதைக்குள் நுழைய முடியாது. மறுபுறம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக எடுத்துரைத்தது. அனுமதி பெற்றுச் செய்து, பதிவுச் சான்றில் ஏற்றப்பட்ட மாற்றமே செல்லும். ஆகவே, இத்தகைய வண்டி அருங்காட்சியகத்துக்கும் உரியதன்று, ஆவணம் சரியில்லையெனில் சாலைக்கும் உரியதன்று. உழைத்து வாழ்ந்த வண்டிகளுக்கென்று சட்டத்தில் ஒரு சிறு இடமேனும் ஒதுக்கப்பட்டிருக்கலாம் என்பது கட்டுரையாளரின் கருத்து. மாற்றமில்லாத வண்டி ஒரு தொழிற்சாலையின் வரலாற்றை மட்டுமே சொல்கிறது. திண்டிவனத்துப் பட்டறைகளின் வரலாற்றைச் சொல்லவல்லது மாற்றப்பட்ட வண்டிதான்.

ராணுவ ஏலத்திலிருந்து வந்த வண்டிக்குச் சாதாரண விற்பனைச் சீட்டு இராது. படைத்துறை அதிகாரிகள் வழங்கும் விற்பனைச் சான்றைக் காட்டியே முதற்பதிவு நடந்திருக்க வேண்டும். அதன் நகல் இருந்தது. 1989க்கு முந்தைய எழுத்து முறையிலான பதிவெண்ணும், கையால் எழுதப்பட்ட பழைய ஆர்.சி. புத்தகமும், அதன் ஒரு பக்கத்தில் டீசல் இன்ஜின் மாற்றத்துக்கான முத்திரையும் இருந்தன. சேஸ் எண்மீது வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு புத்தகத்தோடு ஒத்தது. எழுத்துக்களின் இடைவெளியில் அரம் பட்ட தடம் இல்லை. ஆனால் கணினிப் பதிவைத் தேடியபோது எரிபொருள் ‘பெட்ரோல்’ என்றே இருந்தது. பழைய முத்திரை புதிய பதிவில் ஏறவில்லை. கிரேனைப் பற்றி எந்தப் பதிவிலும் ஒரு சொல்கூட இல்லை.

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. தகுதிச் சான்றுக்கு, மக்கள் ‘எஃப்.சி.’ என்று சொல்வதற்கு, வண்டியைக் கொண்டுசெல்லும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்கும் இன்ஜினும் பதிவில் உள்ள இன்ஜினும் வேறாக இருக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த வேறுபாட்டையே முதலில் எடுத்துப் பேசும். படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டும் வழக்கம் இந்த வட்டாரத்தில் பரவலாக உண்டு. பதிவில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துரைத்த பிறகு, அந்த வழக்கம் விற்பவரின் தலையிலும் கத்தியைத் தொங்கவிடுகிறது. இதை எடுத்துச் சொன்ன பிறகே விற்பவர் விலை பற்றி அமைதியாகப் பேச முன்வந்தார்.

பாய் விலையைக் கட்டிய முறை எளிது. வண்டியின் எடைக்குரிய இரும்பு விலை அடித்தளம். அதன்மேல் ஓடும் நிலையிலுள்ள 497 இன்ஜின்–கியர்ப் பெட்டியின் சந்தை விலை. அதன்மேல் விசை செல்லும் முன் அச்சுக்கும் துணை கியர்ப் பெட்டிக்கும் ஒரு தொகை, அவை இப்போது புதிதாகச் செய்யப்படாததால். கிரேனுக்கு அவர் எதுவும் சேர்க்கவில்லை. அதைக் கழற்றி, விரிசலை நேர்செய்து, அடித்தளத்தைப் போல்ட் முறையில் மாற்றி, கொக்கியைப் பின் அச்சுக்கு அருகே நகர்த்த ஆகும் செலவைக் கழித்தார். ‘ஆன்டிக்’ என்ற சொல்லுக்கு ஒரு ரூபாயும் இல்லை. மாமாவுக்குக் கிரேன் விலையின்றிப் போனதில் வருத்தம் இருந்தது. “கிரேன் உன் தொழிலுக்கு, மாப்ள. வண்டி உன் உசுருக்கு,” என்று பாய் சொன்னபோது அவர் பேசாமல் தலையசைத்தார்.

முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி மாமா ஒரு பகுதித் தொகையை முன்பணமாகத் தந்தார். எரிபொருள் வகையும் இன்ஜின் எண்ணும் கணினிப் பதிவில் திருத்தப்பட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் உரிய அலுவலகத்தில் ஏற்கப்பட்ட பின்பே மீதித் தொகை என்பது நிபந்தனை. திருத்தம் நடக்கும் வரை வண்டி விற்பவரின் பட்டறையிலேயே நின்றது. அந்த இடைவெளியில் பழைய கிரேன் இறக்கப்பட்டு, புதிய அடித்தளத்துக்கான தகடுகள் விழுப்புரத்து லேத் கடையில் துளையிடப்பட்டன.